காலையின் முதல் தண்ணீர்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், என் வலது மணிக்கட்டு மட்டும்தான் சுகமில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்க விஷயத்தில் மட்டும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தண்ணீர் கேனைத் தூக்கப் போய் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டு துணிக்கட்டுக்குள் கிடக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பேசுகிற மாதிரியே எழுதடி என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், கடிதம் என்றால் நல்ல எழுத்து நடையில்தான் இருக்க வேண்டுமாம். எங்கேயாவது நான் ரொம்பப் படித்தவள் மாதிரி பேசியிருந்தால் அது அவள் கைவேலை என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரைச் சோதிக்க நீ செய்து அனுப்பிய ஸ்ட்ரிப் எங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் காலையில் காரீயம் இருக்கிறது என்றும் மதியம் இல்லை என்றும் சொல்லிவிட்டது, ஒரே தண்ணீருக்கு இரண்டு பதில் சொல்கிற பொருளை வைத்துக்கொண்டு யார் முன்னாலும் நிற்க முடியாது, மாதக் கடைசியில் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் போய் இந்த வேலையையே நிறுத்திவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று போனில் சொன்னாயே, அதை நீ எழுதிக் கொடுக்கக் கூடாது. ஏன் கூடாது என்று முழுதாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா, விடும்மா என்று குறுக்கே விழுவாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

உன் பார்சல் வந்த அன்று முதலில் பிரித்தது அப்பாதான். அவர்தான் பையிலும் சட்டையிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிறவர் ஆயிற்றே, ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது நம்ம வேலைதானே, கறுப்பு மை கொஞ்சம் கசிந்திருக்கிறது, சட்டத்தில் துணியை இன்னும் இழுத்துக் கட்டியிருக்கலாம் என்றார். கறுப்பு மை கார்பன், நடுவில் இருக்கிற புள்ளியின் மேல் கார்பன் நுண்குழாய்கள், அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் என்று நான் விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். மற்ற வீட்டில் பெற்றவர்கள் பெண்ணுக்குத் தங்கம் போடுகிறார்கள், இங்கே பெண் நமக்குத் தங்கம் அனுப்பியிருக்கிறாள், பார்க்கத்தான் நமக்குக் கண் போதவில்லை என்று அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பள்ளி ஆய்வகத்தில் நான் அவசரப்படவில்லை. நீ எழுதியிருந்தபடி, புள்ளியின் மேல் விரல் படாமல், காடி வாசனை வீசுகிற அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு சேர்த்து, முதலில் காய்ச்சி வடித்த நீரைத்தான் வைத்தேன். ஸ்ட்ரிப்பைச் செருகிய உன் சின்னக் கருவியைப் போனோடு இணைத்ததும் போன் திரையில் கோடு சமமாக ஓடியது. அதிலேயே காரீயக் கரைசல் அளந்து ஒரு சொட்டு விட்டேன், சரியான இடத்தில் மேடு எழுந்தது. இன்னொரு சொட்டு விட்டேன், மேடு அதே அளவு உயர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த பத்தாம் வகுப்புக்கு இப்படிச் சொன்னேன், தண்ணீரில் கரைந்திருக்கிற காரீயத்தை மின்சாரம் இழுத்துத் தங்கத்தின் மேல் ஒட்ட வைக்கிறது, பிறகு மெல்லக் கழற்றி விடுகிறது, கழன்று போகும்போது அது ஒரு சின்ன மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது, மேடு எங்கே எழுகிறது என்பது எந்த உலோகம் என்று சொல்லும், எவ்வளவு உயரம் என்பது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். ஆனால் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, உன் ஸ்ட்ரிப் தெரிந்த தண்ணீரில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை, அதைப் பார்த்தவள் நான். அதனால்தான் மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கை கழுவுகிற இடத்துக் குழாயில் பிடித்த தண்ணீரில் பெரிய மேடு எழுந்தபோது நான் ஸ்ட்ரிப்பைச் சந்தேகப்படவில்லை, குழாயைத்தான் சந்தேகப்பட்டேன்.

தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டார், கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அறையில், அவர் மேஜை மேலேயே செய்து காட்டினேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. புது ஸ்ட்ரிப் எடுத்தேன், அதுவும் படுத்தது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, "பொண்ணு செஞ்சதுன்னா ஆசை இருக்கத்தானே டீச்சர் செய்யும்" என்று என்னைத் தேற்றினார். குடிநீர் அலுவலகத்துக்கும் நியாயமாகத்தான் சொல்லி அனுப்பினார், அங்கிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் எடுத்துப் போய், பெரிய இயந்திரத்தில் பார்த்து, தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் எனக்கு நகைக்கடை டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன், நீ விடும்மா என்றாய்.

நான் எப்படி விடுவேன்? சீக்கிரம் வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள் பிள்ளைகளை இருட்டு பிரியும்போதே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள், அந்தக் குட்டிகள் பையைக்கூட இறக்காமல் நேரே அந்தக் குழாய்க்குத்தான் ஓடுகிறார்கள், ஆளுக்கொரு பாட்டில் நிரப்பி, நிரப்பினதை அங்கேயே பாதி குடித்து, மறுபடி நிரப்புகிறார்கள். என்னோடு சீக்கிரம் வருகிற உன் தங்கையும் அந்த வரிசையில்தான் நிற்பாள். (இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள், அவள் வரிசையில் நிற்பதில்லையாம், சின்னவர்களை வரிசையில் நிற்க வைப்பாளாம். சரி, அப்படியே எழுதிக்கொள்.) தங்கம் பொய், மேடு பொய் என்று சொல்லிவிட்டு அந்தக் குழாயைத் தாண்டி வகுப்புக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. என் கெஞ்சல் தாங்காமல் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியை மறுபடி ஆளை வரவழைத்தார், இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன். வந்தவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது எங்கள் மணியக்கா. பள்ளி மணி அடிப்பதும் கூட்டுவதும் அந்த அக்காதான், அதனால் அந்தப் பெயர். குழாயைத் திறந்தார், குழாயடிக் கல்லை அலசினார், பாட்டிலை உள்ளும் புறமும் அலசினார், தண்ணீரை அதன் பாட்டுக்கு ஓட விட்டார், அலுவலகத்துக்காரரும் அதுதான் வழக்கம் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் வீணாகிறதே அக்கா என்று நான் சும்மாதான் சொன்னேன்.

"வெளியாளுக்குக் குடுக்கறது டீச்சர், குழாய்ல கெடந்த பழந்தண்ணியவா குடுப்பாங்க? ஓட விட்டு, ஜில்லுனு வந்தப்புறம்தான் பிடிக்கணும்."

பெரியவளே, அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் நீயும் நானும் அப்படித்தானே செய்வோம். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் கிடந்து ஊறுகிற தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுக்க மாட்டோம், ஓட விட்டுவிடுவோம். மதியம் நான் தலைமை ஆசிரியைக்குக் காட்டியது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், அலுவலகத்துப் பாட்டிலில் போனது மரியாதைக்காக ஓட விட்ட தண்ணீர். ராத்திரி ஊறின தண்ணீர் போனதெல்லாம் மணி அடிப்பதற்கு முன்னால் வந்த குட்டிகளின் வயிற்றுக்குள். அவர்களின் இயந்திரமும் தப்பில்லை, உன் ஸ்ட்ரிப்பும் தப்பில்லை, இரண்டும் வேறு வேறு தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

அங்கேயே அவரிடம் சொன்னேன், வார விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற காலை நீங்களே வாருங்கள், யாரும் குழாயைத் தொட விடமாட்டேன், முதலில் வருகிறதை ஒரு பாட்டிலிலும் ஓட விட்டதை இன்னொரு பாட்டிலிலும் பிடியுங்கள், பாதி உங்கள் இயந்திரத்துக்கு, பாதி என் நகைக்கடைக்கு. நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார், சொன்னபடி தூக்கக் கலக்கத்தோடு வந்தும் நின்றார். அதுவரைக்கும் பிள்ளைகள் குடிக்க வெளியிலிருந்து கேன் வாங்கிப் போட்டோம், அந்தக் கேனைத் தூக்கினதில்தான் என் மணிக்கட்டு போனது, மாடிக்கு நானே கொண்டுபோகிறேன் என்று வீரம் காட்டியிருக்க வேண்டாம். அதனால் அன்று சோதனையை நான் இடது கையால்தான் செய்தேன், தலைமை ஆசிரியை பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். முதல் தண்ணீரில் மேடு எழுந்த எழுச்சியைப் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓட விட்டதில் கோடு படுத்தது. அலுவலகத்து முடிவு வந்தபோது, முதல் தண்ணீருக்கு அவர்கள் சொன்ன அளவும் உன் ஸ்ட்ரிப் சொன்ன அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன, ஓட விட்டதற்கு இரண்டுமே ஒன்றுமில்லை என்றன. சுவரை உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே காரீயம் உருக்கி ஒட்டிய பழங்காலத்துக் குழாய் ஒன்று கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

சீக்கிரம் வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று. மிகச் சின்னவர்கள் இரண்டு பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, குடிப்பதை நிறுத்தியாயிற்று அல்லவா, தானாகக் குறையும், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், இந்த அளவில் பிடித்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். உன் தங்கைக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. இரண்டில் ஒரு குட்டியின் அம்மா ஆய்வக வாசலில் வந்து நின்றுகொண்டு, அதைக் கண்டுபிடித்த பொருளை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். உன் ஸ்ட்ரிப் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், புள்ளியை மட்டும் தொடவில்லை.

உனக்கு நான் சொல்வது இதுதான். ஒரே தண்ணீருக்கு இரண்டு பதில் சொல்கிறது என்று நினைத்துத்தானே அதை மூட்டை கட்டப் பார்த்தாய், அது ஒரே தண்ணீர் இல்லை என்று அதற்குத்தான் முதலில் தெரிந்தது, நமக்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பாட்டிலின் முடிவுகளையும் அலுவலகத்து முத்திரையோடு இதனுடன் வைத்திருக்கிறேன், நிறுத்துகிறேன் என்கிற தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைக் கொண்டுபோய் உன் வழிகாட்டியிடம் கொடு. குடிநீர் அலுவலகத்துக்காரர் மற்ற பள்ளிக் குழாய்களையும் காலை முதல் தண்ணீரில் பார்க்க வேண்டும் என்கிறார், ஸ்ட்ரிப் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கேட்கிறார், நான் உன்னைக் கேட்காமலேயே நிறைய அனுப்புவாள் என்று சொல்லிவிட்டேன். மை கசிவதற்கு என்ன செய்வதென்று அப்பா தனியாக ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறார், சிரிக்காமல் படி, மனுஷர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும், மனசு தளராமல் இருக்கட்டும். அமிலத்தோடு வேலை செய்யும்போது கையுறை போட மறக்காதே, சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. முக்கியமாக, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே வழிகாட்டியைப் போய்ப் பார், நாளைக்கு என்று தள்ளாதே, இங்கே பிள்ளைகள் இருட்டு பிரியும்போதே வந்துவிடுகிறார்கள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(எழுதியது சின்னவள்)