ராஜா முதலில் கேட்டது

ஆடி 5, திங்கள்

வெயில் ஜாஸ்தி. மலைமேல் ஒரு மேகம் இல்லை. முதியோர் வகுப்பில் புதுப் புத்தகம். இஸ்ரவேல் ராஜாக்கள் கதை, பெரிய எழுத்து. காலையிலிருந்து ஒரு பக்கம், நானே படித்தேன். தாவீது என்று ஒரு ராஜா. அவர் உயிரோடு இருக்கும்போதே மகன் அப்சலோம் கோட்டை வாசலில் நின்று, வருகிறவர்களைக் கட்டிப்பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறான். சிரித்துவிட்டேன். என் இளைய மகன், எங்கள் சின்னவன், டீக்கடையில் செய்வதும் இதுதான்.

ஆடி 6

சர்க்கரை மாத்திரை வாங்கவேண்டும்.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் நெருங்குகிறது. அன்று தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வது எங்கள் வீட்டு உரிமை. இதுவரை நான். இனி முட்டி மடங்காது. முறைப்படி மூத்த மகன், பெரியவன். ஆனால் சின்னவன் கோயில் எதிரே தன் படத்தோடு பேனர் வைத்துவிட்டான். 'பரிவட்ட நாயகனே வருக.' கீழண்டைத் தெரு அவன் பக்கம், மேலண்டைத் தெரு பெரியவன் பக்கம். என்னை யாரும் கேட்கவில்லை. பேனரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் ஒரு சந்தோஷம், சொல்ல வெட்கம்.

ஆடி 8

தூறல். தாவீது ராஜா மகனுக்குத் தப்பி வெறுங்காலோடு ஊரைவிட்டுப் போகிறார், அழுதுகொண்டே. ஒரே ஜனம் இரண்டாகி வெட்டிக்கொள்ளப் போகிறது. படையை அனுப்பும்போது, பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்கிறார். எதிரிப் படைக்குத் தலைவனே அந்தப் பிள்ளைதான். கண் வலி. மூடிவிட்டேன்.

ஆடி 10

சாயந்திரம் கோயில் முன் கைகலப்பு. பெரியவன் ஆட்கள் பேனரைக் கிழித்தார்களாம். மச்சான் ஏழுமலை மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மாமா, நம்ம பக்கம் ஜெயிச்சிடுச்சி. பேனரு காலி."

"சின்னவன் நல்லா இருக்கானா?"

"பெரியவன்தான்னு ஊரே ஒத்துக்கிச்சி மாமா."

"அத கேக்கல ஏழுமலை."

பிறகுதான் சொன்னான். சின்னவன் நெற்றியில் கல் பட்டதாம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆடி 11

விடிந்ததும் புத்தகம். காட்டில் சண்டை. மரக்கிளையில் தலை சிக்கித் தொங்கிய அப்சலோமைத் தளபதி குத்திவிட்டான். ஜெயித்த சேதியோடு ஆள் ஓடி வருகிறான். ராஜா முதலில் கேட்டது, பிள்ளை சுகமா என்று.

விரலை அந்த வரியிலிருந்து எடுக்க முடியவில்லை. எந்த தேசத்து ராஜாவோ, எப்போது செத்தாரோ. நேற்று என் வாயில் வந்தது அவர் வாயில். எழுத்துக்குள் இப்படி ஆள் இருப்பார்கள் என்று யார் கண்டது.

பிள்ளை செத்தான் என்று தெரிந்ததும் ராஜா வாசல்மேல் இருந்த அறைக்கு ஏறிப்போய் அழுகிறார். ஜெயித்த படை தோற்றதுபோல ஊருக்குள் பதுங்கி வருகிறது.

என் பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

ஆடி 12

சின்னவன் வீட்டுக்குப் போனேன். கீழண்டைத் தெருவில் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவன் தலையைச் சுற்றிக் கட்டு.

"பாருங்க மாமா, ஆஸ்பத்திரியிலயே பரிவட்டம் கட்டி அனுப்பிட்டாங்க" என்றாள் மருமகள்.

அவன் சுவரைப் பார்த்தபடி, யாருக்குக் கட்டுவதாக முடிவு என்றான். உரிமையில் சண்டை வந்தால் பரிவட்டம் அம்மன் சூலத்துக்கு என்பது பழைய வழக்கம். இந்த வருஷம் சூலத்துக்குத்தான், பெரியவனிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஒத்துக்கினானா?"

"எங்க. ரெண்டு நாளா சோறு வேணாம்னு கத்தினு இருக்கான்."

சின்னவன் சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்க வைக்காதப்பா. தையல் இழுக்குது."