மூன்று புள்ளிகளும் நாற்பத்திரண்டு நிமிடமும்

1987 மே 11, திங்கள்

காலை எட்டுக்கே பஸ் கம்பி சுட்டது. ஆபீஸில் இன்று கம்ப்யூட்டர் அறை என் முறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் ஊட்டி.

வேலை: புதிய குவார்ட்டர்ஸில் வைத்திருக்கும் பம்புக்கு வளைகோடு. நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடினால் எத்தனை மீட்டர் உயரம் தள்ளும், அதை மூன்று எண்களில் அடக்க வேண்டும். கம்பெனி புத்தகத்தில் மூன்றே புள்ளிகள். லிட்டர் 4, 8, 12. மீட்டர் 38, 34, 26. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பத்தியில் ஓட்டம், பக்கத்தில் அதன் வர்க்கம், அடுத்ததில் உயரம். புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தும் ரெக்ரஷன் கொடுத்தேன். 38, 0.5, −0.125. R² = 1. கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, சுத்தமாக ஒன்று. 0.98 வந்தாலே எங்கள் பிரிவில் டீ சொல்வார்கள்.

இதன்படி மாடி உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்த 30 மீட்டர் எதிர்ப்பைத் தாண்டி, இருபதாயிரம் லிட்டர் மாடித் தொட்டி 33 நிமிடத்தில் நிறையும். இரண்டு பிளாக், இரண்டு தொட்டி, 66 நிமிடம். காலையில் தண்ணீர் வருவது 75 நிமிடம். ஆக ஒரு பம்பு போதும். நோட் எழுதி எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சோப்ரா சார் மேஜையில் வைத்தாயிற்று. ‘தயாரித்தவர்’ கட்டத்தில் என் இனிஷியல். பதினொரு வருட சர்வீஸில் முதல் தடவை. நான் போட்ட கணக்கிலெல்லாம் இதுவரை வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள்.

வாங்க: உளுந்து, கறிவேப்பிலை (கோல் மார்க்கெட்), இவருக்கு பனியன்.

மே 12, செவ்வாய்

புழுதிக் காற்று. வாயெல்லாம் மண்.

டிராஃப்ட்ஸ்மேன் குப்தா ஜி நோட் நகலைப் பார்த்தார். என் வயதுதான், ஆனால் ஆறு மாதம் சீனியர், அதை யாரையும் மறக்க விடமாட்டார். இந்தியில் ஆரம்பித்தார்.

“எத்தனை பாயிண்ட், மேடம்?”

“மூணு.”

“பஸ், தீன்? மூணே மூணுதானா?”

கிராஃப் தாளில் மூன்று புள்ளி வைத்தார். தன் பிளாஸ்டிக் வளைகோட்டுத் துண்டால் மூன்றையும் தொட்டு ஒரு கோடு. துண்டைத் திருப்பி, மூன்றையும் தொட்டு வேறொரு கோடு. “ரெண்டும் கரெக்ட். உங்க கம்ப்யூட்டரும் கரெக்ட். பம்பு எந்தக் கோட்டுல போகுது?”

பளார் என்று அறைந்த மாதிரி. சீட்டுக்கு வந்து பிரிண்ட் அவுட்டை எடுத்தேன். R²-க்கு இரண்டு வரி கீழே: டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 0, அதாவது கோட்டைச் சோதிக்க மிச்சப் புள்ளி ஒன்றுகூட இல்லை. நேற்றே இருந்திருக்கிறது. மூன்று புள்ளிக்கு மூன்று எண் போட்டால் யார் போட்டாலும் ஒன்றுதான் வரும். தப்பே வர வழியில்லாத இடத்தில் தப்பில்லை என்று மார்தட்டியிருக்கிறேன். பிஎஸ்ஸி கணக்கு, முதல் வகுப்பு, வெட்கக்கேடு.

வீட்டில் இவர்: “ஏளா, நோட்ட அவரு படிச்சாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்பம் சத்தங்காட்டாம எடுத்துட்டு வந்துரு.”

“எடுக்க மாட்டேன். நானே போய்ச் சொல்லுவேன்.”

பம்பு குறைவாகத் தள்ளினால் மேல்மாடிக்காரர்கள் வருடம் முழுக்க பக்கெட் தூக்குவார்கள். காரணம் நான்.

மே 13, புதன்

சொல்லிவிட்டேன்.

“சார், என் நோட் தப்பா இருக்கலாம். பம்பிலேயே டெஸ்ட் எடுக்கணும்.”

சோப்ரா சார் கண்ணாடியைக் கழற்றினார். ‘ஒரு பம்பு’ என்று ஏற்கெனவே எழுதிவிட்டாராம். எத்தனை பம்பு என்ற ஆர்டர் வெள்ளி மாலை போகிறது. அதற்குள் காட்டினால் மாற்றுவார்.

குப்தா ஜியிடம் பேசவில்லை.

மே 14, வியாழன்

பம்பு ஹவுஸ். கூப்பிடாமலே வந்து நின்றார் குப்தா ஜி, கையில் ஸ்டாப் வாட்ச். “சீனியர் இல்லாம டெஸ்டா?”

வால்வை ஆறு நிலையில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் இருநூறு லிட்டர் டிரம் நிறைய எத்தனை நொடி, அழுத்தக் கேஜில் எவ்வளவு. மூன்று மூன்று தடவை எடுத்து சராசரி. புடவை முழங்கால் வரை நனைந்தது; கம்ப்யூட்டர் அறை வாசலில் பிழிந்துவிட்டு உள்ளே போனேன்.

R² = 0.996. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3. இதை முதலில் பார்த்தேன்.

30 மீட்டருக்கு நொடிக்கு 8 லிட்டர்தான். புத்தகம் 8-க்குச் சொன்ன 34 மீட்டர் இந்தப் பம்பில் இல்லவே இல்லை. தொட்டிக்கு 42 நிமிடம். இரண்டுக்கு 84. ஒன்பது நிமிடம் பற்றாது. இரண்டாவது பம்பு வேண்டும். என் முதல் நோட் தப்பு, இந்த நோட் சரி. இரண்டையும் நான்தான் எழுதினேன் என்பதில் என்னமோ ஒரு திமிர் கூட வருகிறது.

மே 15, வெள்ளி

மொட்டை மாடி. செருப்பு தரையில் ஒட்டியது.

“புத்தகக் கணக்கு 33-ங்கிறது, நீங்க 42-ங்கிறீங்க. யாரை நம்பட்டும்?” என்றார் சோப்ரா சார்.

“காலித் தொட்டியை நிரப்பிடலாம், சார். உங்க வாட்ச்சே போதும்.”

11.05-க்கு பம்பு போட்டார்கள். 33-வது நிமிடம் சோப்ரா சார் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். கால்வாசி காலி. இறங்கி மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். 40. 41. குப்தா ஜி என்னைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்தார். 42 தாண்டி இருபது நொடி, ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டி சோப்ரா சாரின் ஷூ நனைந்தது. அவர் நகரவில்லை.

அங்கேயே பேனா கேட்டு, ஆர்டரில் ‘ஒரு’வை அடித்து ‘இரண்டு’ என்று எழுதினார். தாளை என்னிடம் நீட்டினார். ‘தயாரித்தவர்’ கட்டத்தில் முழுப் பெயராகவே எழுதினேன். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தை குப்தா ஜி பக்கம் திருப்பினேன். “சீனியருக்குக் கீழ்க் கட்டமா?” என்று முனகிக்கொண்டே போட்டார்.

இவர் உப்புமா தட்டோடு மூன்றாவது தடவையாகக் கேட்கிறார், “கடைசில எத்தன நிமிசம்?”

நாற்பத்திரண்டு. உளுந்து இன்றும் வாங்கவில்லை.