சின்னது சொல்லட்டும்

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் ஷோபாவுக்கு நைனா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அண்ணன் ஜெபசிங்கும் தடா பக்கம் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய் வருகிறான், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவும் சுகம் என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் ஏதாவது கேலி பேசி உன்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன், சொல்ல வேண்டியதைச் சொல்வதே இல்லை. காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் எழுத்து, மாங்காய் லோடு ஏற்றிய வண்டி மாதிரி ஆடிக்கொண்டுதான் வரும், பொறுத்துப் படி.

அம்மாவைத் திருப்பதியில் அந்த ஹோமில் சேர்த்த புதிதில் ஒரு ட்ரெயினிங் நடந்ததே, உன்னிடம் சொன்னேன். பெங்களூரிலிருந்து தாட்சாயணி மேடம் என்று ஒருத்தர் வந்து, மறதி நோய் வந்தவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்ஸ் பெண்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் பாடம் நடத்தினார். வீட்டு ஆட்களும் உட்காரலாம் என்றார்கள், நானும் போய் உட்கார்ந்தேன், சமோசா கொடுத்தார்கள் என்பதும் ஒரு காரணம். நோயைப் பார்க்காதீர்கள் ஆளைப் பாருங்கள் என்றார். என்ன வேலை செய்தார்கள், எது பிடிக்கும், எதற்குப் பயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம், நின்றுகொண்டு பேசாமல் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து பேச வேண்டுமாம், அவசரப்படுத்தக் கூடாது, கையைக் கட்டக் கூடாது. நீ அங்கே செய்கிற வேலையும் இதுதான் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு எங்கள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஒருவருக்கொருவர் உப்புமா ஊட்டச் சொன்னார். எனக்கு ஊட்டியது மேனேஜர் சுரேஷ்பாபு. கட்டின பெண்டாட்டி ஒரு நாளும் எனக்கு ஊட்டியதில்லை, அந்தக் கொடுப்பினை மேனேஜர் கையால்தான் என்று எழுதியிருந்திருக்கிறது. அவர் வாயைத் திறக்காமல் ஸ்பூன் ஸ்பூனாகத் திணித்தார், எது எப்போது வரும் என்று தெரியாமல் எனக்குப் புரை ஏறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உன்னிடம் சொன்னபோது நீயும் சிரித்தாய். கட்டை அவிழ்த்ததும் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்ததை மட்டும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

மேடம் போனதும் சுரேஷ்பாபுவுக்கு வேகம் வந்துவிட்டது. லோயிஸ் அம்மா கிறிஸ்தவங்க, மிஷன் ஹாஸ்டலில் சமைத்தவங்க, அதனால் அவங்களுக்குப் பிடித்ததைச் செய்வோம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெலுங்குக் கிறிஸ்தவப் பாட்டாக ஸ்பீக்கரில் போட்டார். மற்றவர்கள் கையைத் தட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். உன் அம்மா, சட்டையில் சிந்தாமல் இருக்கக் கழுத்தில் கட்டிவிட்ட துண்டை அவிழ்த்துத் தலைமேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாட்டுக் கேட்டால் அவளுக்கு அது சர்ச். சர்ச்சில் யாராவது சோறு சாப்பிடுவார்களா? ஒரு பாட்டு முடிந்தால் இன்னொன்று, தட்டு ஆறிப்போகும், சாப்பிடவில்லை என்று எழுதிவிட்டு எடுத்துப் போவார்கள். பாட்டு எப்படி என்று மேனேஜர் பெருமையாகக் கேட்டார். நானும் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து சூப்பர் சார் என்றேன். இரண்டு புத்திசாலிகள்.

இதைக் கண்டுபிடித்தது வெங்கடலட்சுமி என்கிற பெண். சந்திரகிரிக்காரி, வேலைக்குச் சேர்ந்தவர்களில் எல்லாருக்கும் கடைசி, ஆளும் குள்ளம். பாட்டை நிறுத்திப் பார்த்திருக்கிறாள், அப்போதும் அம்மா சாப்பிடவில்லை, கையைக் கூப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம். எனக்கு போன் போட்டு, "அங்கிள், அம்மா யாருக்கோ காத்துக்கினு இருக்குது, யாருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாஸ்டலில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் யாரும் சோற்றில் கை வைக்க வேண்டும் என்பது அவள் சட்டம், அதே சட்டத்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நம் வீட்டில் சின்னது நீ. நர்சிங் காலேஜ் போகிற வரைக்கும் நீதானே சொன்னாய். நீ ஆறு வயதில் சொன்ன ஜெபத்தை நான் போனில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டாள். பிரசங்கத்தில் தூங்கி வழிகிற நான், குங்குமம் வைத்த பெண்ணுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தேன், சர்ச் ஐயரிடம் சொல்லிவிடாதே. மறுநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அப்பா, இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம், இல்லாதவங்களுக்கும் குடுங்க, ரசம் காரமா இருக்கக் கூடாது, ஆமென்" என்று ஒப்பித்தாள். பாதிக்கு அர்த்தம் தெரியாது அவளுக்கு. அம்மா ஆமென் சொல்லி, அவள் கன்னத்தைத் தட்டி, தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போனது. அம்மா தேறிவிட்டாள் என்று உனக்குப் போட்டோ அனுப்பினேனே, அது அப்போது எடுத்தது.

பிறகு வெங்கடலட்சுமி போய்விட்டாள். அந்த ட்ரெயினிங் சர்டிபிகேட்டை வைத்தே ஹைதராபாத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சொல்லிக்கொள்ள வந்தபோது கண் கலங்கினாள், நல்லா இரும்மா என்று சொல்லி அனுப்பினேன். இதே வார்த்தையைச் சொல்லி ஏற்கெனவே ஒருத்தியை ஏர்போர்ட்டில் வழியனுப்பியவன்தானே, எனக்குப் பழக்கம். போகும்போது இன்னொரு பெண்ணுக்கு ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள், அந்தப் பெண்ணும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது ஏஜென்சியிலிருந்து வருகிறார்கள், முகம் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை, ஒரு ஹாலுக்கே ஒரு பெண், ஓடிக்கொண்டே இருக்கிறாள். அம்மா கை கூப்பினால் தனக்கு நமஸ்காரம் சொல்கிறாள் என்று நினைத்து அவளும் கும்பிடு போடுகிறாள், கொஞ்சம் பார்க்கிறாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மறுபடியும் கற்றுக்கொடுங்கள் என்று சுரேஷ்பாபுவிடம் கேட்டேன். ட்ரெயினிங்தான் முடிந்துவிட்டதே என்று சுவரில் மாட்டிய போட்டோவைக் காட்டினார்.

நானே தினமும் பஸ் பிடித்துப் போனேன். முட்டி மடங்காது, நின்றுகொண்டே உன் ஜெபத்தைச் சொன்னேன். அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "பெரிய மன்ஷங்க சொல்லக் கூடாது. சின்னது சொல்லட்டும்" என்றாள். சின்னது வெளியூர் போயிருக்குது லோயிஸ், நீ துன்னு என்றேன். "வரட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் இதேதான். கெஞ்சினேன், கோமாளித்தனம் பண்ணினேன், ஒரு நாள் அதட்டியும் பார்த்தேன், எதற்கும் அசையவில்லை. நாளாக நாளாக விழுங்குகிற பழக்கமே குறைந்துபோய், கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் மூக்கு வழியாக ட்யூப் போட வேண்டும், இல்லையென்றால் தாங்காது என்றார். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் உனக்கும் அந்தப் பாரம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஏஜென்சிப் பெண் வந்து ட்யூபில் கஞ்சியை ஊற்றிவிட்டுப் போகிறாள். சாப்பாடு உள்ளே போய் முடிந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறமும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உடனே டிக்கெட் போடட்டுமா என்று கேட்பாய், எனக்குத் தெரியும். வா என்று சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன், எழுத எழுத அந்த நம்பிக்கையும் போய்விட்டது. அவள் தேடுவது ஆறு வயதுப் பிள்ளையை. நீ கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைவிட உயரமாக வந்து நிற்பாய். நீ வந்தாலும் அந்தப் பிள்ளை வராது ஷோபா. எனக்காக வருவதானால் வா, லீவு கிடைக்கும்போது வா, அது வேறு.

வேளைக்குச் சாப்பிடு, ஷிப்டு முடிந்து தனியாக நடக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் உனக்கே கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் மத்தியானம் நான் ஹோமில் இருக்கிற நேரத்தில் போன் போடாதே. வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது, உன்னிடம் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகில் வைத்தேன். சாப்பிட்டீங்களா நைனா என்று நீ கேட்டது அவளுக்குக் கேட்டுவிட்டது. சின்னது வந்துடுச்சு என்று எழுந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து உன்னைத் தேடினாள். அதில் ட்யூப் பாதி வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கை இரண்டையும் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்புள்ள நைனா,
வேதநாயகம்