அம்மா வாசித்த பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், இங்கே நாங்களும் நலம் என்று வழக்கம்போல எழுதப் பேனாவை எடுத்தேன், கை பாதியில் நின்றுவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்ப்பாள், எனக்கோ பொய் சொன்னால் காது சிவக்கும். அதனால் கடையில் தையல் மெஷின் மேல் வைத்து எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டதா நான் அதைக் கைவிட்டேனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாசிப்பு விழா நடந்தது. எல்லோருக்கும் எழுத்து என்று எழுதிய துணியை வாசலில் கட்டியிருந்தார்கள், அதற்கு ஓரம் அடித்துக் கொடுத்தது நான்தான், கல்விக்கு என் தொண்டு அவ்வளவு. மாலை வகுப்பில் புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வேண்டும் என்று டீச்சர் உன் அம்மாவையும் சேர்த்திருந்தார். வீட்டில் அவள் வாசித்துப் பழகும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டது, அவளோ நடுவில் மறைந்துபோன பக்கத்தையும் விடாமல் வாசித்தாள். அவள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கறுப்புச் சட்டைக்கு நீலப் பொத்தான் தைத்து வைத்திருந்தாள், நான் புத்தி எங்கே போச்சு என்று கத்தியிருந்தேன். அன்று மெதுவாகக் கேட்டதற்கு, எழுத்தெல்லாம் புகைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு, டீச்சர் படிக்கறதைக் கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்கிட்டேன், மககிட்ட மூச்சு விடாதீங்க என்றாள்.

விழாவன்று பார்த்து டீச்சருக்கு ஒரு புது யோசனை வந்தது, கூடையிலிருந்து பிள்ளைகள் எடுத்துத் தரும் புத்தகத்தைத்தான் வாசிக்க வேண்டுமாம். உன் அம்மா கையில் முன்பின் பார்க்காத புத்தகம். ஓடிப்போய் கரண்டை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன், பட்டப்பகல் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், அதைக் கொடுத்த சின்னப் பெண்ணையே பக்கத்தில் உட்காரவைத்து, நீ படி கண்ணு, நான் கேக்கறேன் என்றாள். அது எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் ஒரே கைதட்டல், டீச்சருக்கே பாடம் எடுத்துட்டாங்க என்றார்கள். நானும் தட்டினேன், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.

கண் டாக்டரிடம் வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். இப்பத்தான் எழுத்து பிடிபட்டிருக்கு, இனிமே படிக்காதேன்னு சொல்லிட்டா என்ன பண்றது என்கிறாள். நாள் தள்ளத் தள்ள இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டிலிருந்து அவள் கடைக்கு மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிடுகிறேன், கடைசிப் படி கடந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

என் பேச்சு இந்த வீட்டில் எடுபட்டதாகச் சரித்திரம் இல்லை, அம்மாவுக்கு நீதான் எழுத வேண்டும். அவளுக்குக் கண் சரியில்லை என்று எழுதாதே. அப்பாவுக்குக் கண் மங்குகிறது, நீதான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று எழுது. எனக்கு என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுவாள், அங்கே போனதும் நாற்காலியில் அவளை உட்காரவைப்பது என் பொறுப்பு. காது சிவந்தால் சிவக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே மகளே, எழுத்தைப் பெரிதாக, கறுப்பு மையில் எழுது. அவள் அதை என்னிடம் நீட்டாமல் தானே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா