பச்சை காட்டும் வண்டி

நாள் 41 | 09:20
நிலவுப் பயிற்சிப் பட்டறை. எழுதுவது மங்கையர்க்கரசி, ஆட்டோமேஷன் பயிற்றுநர். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. இறுதியாண்டு மாணவர்கள் ஏழு பேருக்கும் இன்று செய்முறைத் தேர்வு. மூச்சுக்காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் குப்பிகளை இங்குள்ள உற்பத்தி லைன் தானாகவே செய்யும். பொடி நிரப்பும், எடை பார்க்கும், மூடி போடும். எடை பார்க்கும் சென்சாரில் நிலவுத் தூசி. நல்ல நாளிலேயே நாழிப்பால் கறக்காத மாடு, எக்ஸ்டர்னல் தேர்வாளர் வரும் நாளிலா கறக்கப்போகிறது?

நாள் 41 | 16:45
நினைத்தபடியே சென்சார் முதல் குப்பியிலேயே காலை வாரியது. ஃபோர்ஸ் போட்டேன். அதாவது, சென்சார் என்ன சொன்னாலும் ‘சரி’ என்றே எடுத்துக்கொள் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உத்தரவு. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் பாலிடெக்னிக்கில் எக்ஸ்டர்னல் வந்தால் இருபது வருடமாக இதுதான் வழக்கம். மாணவர்களிடமும் மறைக்கவில்லை. அந்த மனிதர் என்னுடைய கடைசி ஆவக்காய் ஊறுகாயைக் காலிசெய்தார். ஏழு பேருக்கும் பாதுகாப்புப் பாடத்தில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டுவிட்டுப் பூமிக்குக் கலம் ஏறிப் போனார்.

நாள் 42 | 15:10
காலையிலிருந்து லைன் ஓடி அறுபது குப்பிகள். ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை, சந்தோஷப்பட்டேன். ஐம்பது குப்பிகளுடன் மாணவர்கள் வடக்குச் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒன்பது நாள் பயணம், வண்டி தானே ஓட்டிக்கொள்ளும். அங்கே இன்னும் ஆட்கள் இல்லை, இவர்கள்தான் முதல் குழு. தலைவன் கோமதிசங்கர். செயற்கைக்கோள் ஒருவர் செய்தியை வாங்கி ஆறு மணி நேரம் கழித்து மற்றவரிடம் கொடுக்கும். உடனுக்குடன் பேச வழியில்லை. பட்டறை வெறிச்சென்று இருக்கிறது.

நாள் 45 | 13:30
பூமியிலிருந்து வந்த பழைய குப்பி தீர்ந்ததால் காலையில் புதியது மாட்டினேன். பதினொரு மணிக்குத் தலைவலி. பிறகு அலாரம். குப்பியைத் திறந்தால் கால்வாசிப் பொடிகூட இல்லை. மீதி ஒன்பதையும் திறந்தேன். எல்லாம் அப்படியே. நிரப்பும் குழாய் அடைத்திருக்கிறது. பூமியில் கையில் தூக்கினாலே தெரிந்திருக்கும். இங்கே நிறைந்த குப்பிக்கும் கனம் கிடையாது.

எடை பார்க்கும் இடம் ஏன் தள்ளவில்லை? திரையில் தேடினேன். ஃபோர்ஸ்: உள்ளது. போட்ட நாள்: 41. போட்டவர்: மங்கையர்க்கரசி.

எடுக்க மறந்திருக்கிறேன். பாவி, நான்தான்.

நாள் 45 | 14:02
செயற்கைக்கோள் மேலே வந்தது. அனுப்பியது:
“கோமதி, புதுக் குப்பி எதையும் நம்பாதே. எல்லாரும் உடனே முகமூடி போடுங்க. வண்டியைத் திருப்பு. பச்சை விளக்கு எரிஞ்சாலும் நம்பாதே. தப்பு என்னோடது.”

20:00 மணிக்குப் போய்ச் சேரும். அவர்கள் மாட்டியிருந்த பழைய குப்பி நேற்றோடு தீர்ந்திருக்கும். முகமூடி சிலிண்டர் மூன்று நாள் வரும், கிளம்பியும் மூன்று நாள்தான், திரும்பி வரப் போதும். வண்டியிலும் காற்று அலாரம் இருக்கிறது. அது கத்தினால் முகமூடி போடுவார்கள். இப்போது அது ஒன்றுதான் என் நம்பிக்கை.

நாள் 45 | 14:06
காலையில் அவர்கள் அனுப்பியது இப்போது கிடைத்தது.
“மேடம், கோமதிசங்கர் பேசுதேன். எல்லாரும் நல்லாருக்கோம். லேசா தலவலி, பயலுவ தூங்கி வழியுதானுவ. விடிஞ்சதுலேர்ந்து காத்து அலாரம் சும்மா கத்திக்கிட்டே கெடந்துச்சு. குப்பியெல்லாம் புதுசு, பாஸான குப்பி. சென்சார்லதான் தூசியா இருக்கும்னு, நீங்க காட்டித் தந்த மாதிரியே ஃபோர்ஸ் போட்டுட்டோம். பச்சை எரிஞ்சாத்தான் மார்க்குன்னு சொல்வீங்கல்லா? இப்ப பச்சை, மேடம். கவலப்படாதீங்க.”

நான்கு முறை கேட்டேன். கடைசியில் யாரோ கொட்டாவி விடுகிறார்கள்.

நாள் 46 | 08:05
வண்டியின் தானியங்கி அறிக்கை:
“ஆட்கள்: ஏழு. காற்று: சரி. திசை: வடக்கு.”

வடக்கு. திருப்பவில்லை. குரல் எதுவும் வரவில்லை.

நாள் 46 | 14:05
“ஆட்கள்: ஏழு. காற்று: சரி. திசை: வடக்கு.”

ஆட்களை இருக்கைச் சென்சார் எடையை வைத்து எண்ணுகிறது. அதற்கு யாரும் ஃபோர்ஸ் போடவில்லை. அது சொல்வது உண்மைதான்.

நாள் 48 | 08:10
பொடியைக் கையால் அள்ளிப் போட்டு, தராசில் வைத்துப் பார்த்து, எனக்கு நான்கு குப்பிகள் செய்துவிட்டேன். காற்று நன்றாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகாது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பூமிக்கு எழுதியாயிற்று. அடுத்த கலம் வர இருபது நாளாம். என்னிடம் வேறு வண்டி இல்லை. ஏழு வீட்டுக்கும் யார் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

நாள் 51 | 14:07
“வடக்குச் சுரங்கம் சேர்ந்தது. ஆட்கள்: ஏழு. காற்று: சரி. கதவு திறக்கக் காத்திருக்கிறது.”

இதைப் படிப்பவருக்கு. நீங்கள் அங்கே போவீர்கள். வண்டியின் கதவைத் திறக்குமுன் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் ஃபோர்ஸை எடுங்கள். போடக் கற்றுக்கொடுத்தேன், அதை எடுக்கிற பாடத்தைத் தேர்வு முடிந்ததும் நடத்தலாம் என்று விட்டிருந்தேன்.

அதுவரை விளக்கு பச்சையாகத்தான் எரியும்.