கிழிந்தால் உடனே தெரிய வேண்டும்

அதட்டி அதட்டியே என்னை வளர்த்த என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்குப் பூ வைத்துவிட்டு வருவதோடு சரி, உன்னிடம் பேசி நாளாயிற்று. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, இடது மார்பில். பதறாதே, கட்டி சின்னது, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை புதுச்சேரியில் ஆபரேஷன்.

மரக்காணத்தில் நல்ல மழை. பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது, உன்னோடு உப்பு வாரினவர்கள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு அதே ஆரோவில் அலுவலகம்தான். லீவு சொல்லிவிட்டேன்.

மார்பை எடுத்த கையோடு உள்ளே இம்ப்ளான்ட் என்று ஒரு பை வைக்கலாம், வேண்டாமென்றால் அப்படியே விட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் இவர், "எதுக்கு அந்த வம்பு? எனக்கு நீ இருந்தா போதும்" என்றார்.

"உங்களுக்குப் போதும்ங்க. கண்ணாடி முன்னாடி நிக்கப்போறது நானாச்சே" என்றேன். மறுநாள் அவரே என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

வைப்பது என்று ஆனதும், எந்த வகை என்ற கேள்வி வந்தது. டாக்டரம்மா புடவைக் கடைக்காரர் மாதிரி மேசையில் எடுத்துப் போட்டார். மேல்புறம் சொரசொரப்பாக ஒன்று, வழுவழுப்பாக ஒன்று. சொரசொரப்பானதைச் சுற்றி, அபூர்வமாகத்தான் என்றாலும், வேறொரு வகைப் புற்றுநோய் வருவது உண்டாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிற கதை எனக்கு வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட்டேன்.

அடுத்தது, உள்ளே என்ன நிரப்புவது. ஜெல், இல்லையென்றால் உப்புத் தண்ணீர். உப்பளத்து ஊர்க்காரிக்கு உப்புத் தண்ணீரா என்று சிரித்துவிட்டேன்.

"ஜெல் தொட்டா நிஜம் மாதிரியே இருக்கும். நிறைய பேர் அதைத்தான் கேக்கறாங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா உள்ள கிழிஞ்சாலும் வெளிய தெரியாமலே இருக்கலாம். அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். உப்புத் தண்ணி கிழிஞ்சா சீக்கிரமே சப்பையாயிடும், தண்ணிய உடம்பே இழுத்துக்கும். ஆனா தொட்டா கையில சுருக்கம் தட்டுப்படலாம். எதுவுமே ஆயுசுக்கும் வராதுங்க. ரேடியேஷன் குடுக்க வேண்டி வந்தா, எதை வெச்சிருந்தாலும் சுத்தி இறுகிப்போக வாய்ப்பு அதிகம்."

"ஜெல்லே வெச்சிக்கயேன்" என்றார் இவர். எனக்கோ 'தெரியாமலே' என்ற சொல்லைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை.

உப்பளத்தில் வெயிலுக்காகப் பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் ஆண்சட்டை மாட்டுவது வழக்கம்தான். நீ மட்டும் வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றவில்லை. மாமாவுக்கே தெரியாமல் கட்டியை மறைத்து வைத்திருந்தாய். புண் உடைந்து சட்டையில் கறை ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாய், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். யாரைப் பார்த்து வெட்கம் அக்கா உனக்கு? கூடப் பிறந்த என்னிடம்கூடவா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதனால் உப்புத் தண்ணீர் என்றே சொல்லிவிட்டேன். சுருக்கம் தட்டுப்பட்டால் படட்டும்.

நேற்று என் மகள், காலேஜ் விட்டு வந்தவள், "பெரியம்மா ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டு, அவள் கையை எடுத்து என் கட்டியின் மேல் வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே மறுபடி வைத்தாள்.

கட்டுப் பிரித்ததும் முதலில் அவளுக்குத்தான் காட்டுவேன், அக்கா. கோணலாக இருந்தாலும் காட்டுவேன். நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால், அன்றைக்கே என்னிடம் வந்து காட்டுவாள். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

சண்டை தீராத உன் தங்கை,
ரோஸி