ஒன்பதும் இரண்டும்

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் மிளகுக் கொடி நடுகிறார்கள். படிக்கணும் என்று எனக்கு மட்டும் விலக்கு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று, இது மூன்றாவது. அப்பா சொல்லிவிட்டார்: "இதுதாங் கடைசி, பானு. பாஸானா நாமக்கல் காலேஜு. இல்லீன்னா பொண்ணு கேட்ட குண்டூர் நாட்டு மணிவண்ணன் ஊட்டுக்குச் செரின்னு சொல்லிருவேன்."

மணிவண்ணன் இதே மலையில் அடுத்த ஊர்க்காரர், கெட்டவர் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 13

√(x + 7) = x − 5. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினேன். மூலக்குறி ஒழிந்தது, x² − 11x + 18 = 0. விடை 9, 2. குதிக்காத குறை! கூடப் படித்து இப்போது காலேஜ் போய்விட்ட சங்கீதாவுக்குப் போட்டோ அனுப்பினேன். போன் போட்டுத் திட்டினாள். வர்க்கப்படுத்தும்போது இல்லாத விடையும் வந்து ஒட்டிக்கொள்ளுமாம், முதல் வரியில் போட்டுப் பார்க்கணுமாம். 9 போட்டால் 4 = 4. 2 போட்டால் 3 = −3. 2-ஐ அடித்துவிடு என்றாள்.

மனசே வரவில்லை. வழியெல்லாம் சரியாகத்தானே வந்தேன்?

ஜூன் 14

நானும் தோட்டத்துக்குப் போனேன். ஒரு மரத்தடியில் மூன்று கொடித்துண்டு ஊன்றுவோம். மூன்றும் துளிர்த்தாலும் ஒன்றையும் பிடுங்க மாட்டோம், எப்படியாவது ஏறட்டும் என்று மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். இந்தக் கையிடம் ஒரு விடையை அடி என்றால் எப்படி அடிக்கும்?

ஜூன் 20

ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஜூன் 27

தேர்வு. மலை இறங்கும்போதே பஸ்ஸில் வாந்தி. அதே மாதிரிக் கணக்கு, ஐந்து மதிப்பெண். விடை 7, 2. போட்டும் பார்த்தேன். 2-க்கு ஒரு பக்கம் √4, மறுபக்கம் −2. அடித்திருக்கணும். பாவி — √4 = −2 என்று நானே எழுதி, இரண்டும் சரி என்று முடித்துவிட்டேன். தெரிந்தே. ஏன் அப்படிச் செய்தேன்? திரும்பி வரும்போதுதான் அழுகை வந்தது.

ஜூலை 25

33. முப்பத்தைந்து வேண்டும்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலமே குண்டூர் நாட்டுக்குப் போன் போய்விட்டது.

ஜூலை 26

எனக்குப் பிடிக்கலம்மா என்றேன். வாய்விட்டே சொன்னேன். அம்மா கொடி கட்டிய கையைக் கழுவிக்கொண்டே, "போகப் போகப் பொருந்திரும் சாமி," என்றாள்.

ஆகஸ்ட் 21

இன்று தட்டு மாற்றினார்கள். நடுவில் மணிவண்ணன், பெரியவர்களை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்குச் சம்மதந்தானுங்களா?"

யாருமே என்னிடம் இதைக் கேட்டதில்லை. வீடே என் வாயைப் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.

"சம்மதமுங்க," என்றேன்.